போலந்துக் காசும் லண்டன் மாப்பிள்ளையும்

திருப்பிக் கொடுக்கத் தேவையில்லாத காசு என்று ஒன்று இருக்கிறது என்பதை அம்மாவுக்கு விளங்கப்படுத்த நான் பட்ட பாட்டைப் படிப்பில் பட்டிருந்தால், இன்றைக்கு எங்கேயோ இருந்திருப்பேன். அம்மா கடைசி வரைக்கும் நம்பவில்லை. இப்போது யோசித்தால் எனக்கே அதில் பாதி நம்பிக்கைதான்.

நானும் என் சிநேகிதியும் சேர்ந்து ஒரு வீடியோ கேம் செய்தோம். வவுனியாவில் ஒன்றாகப் படித்தவர்கள். அவள் வீடு கனகராயன்குளத்தில், என் வீடு இரணைமடுக் குளத்துப் பக்கம். அவள் படம் கீறுவாள், நான் அதை ஓட வைப்பேன். விளையாடுகிறவர் ஒரு குளத்தின் காவலாளி. மழை கொட்டும். எந்த வான்கதவை எப்போது திறப்பது என்று அவர்தான் முடிவெடுக்க வேண்டும். முந்தித் திறந்தால் கோடையில் சிறுபோக நெல்லுக்குத் தண்ணீர் இல்லை, கடைசி வாய்க்கால்காரர் வந்து வாசலில் நின்று கத்துவார்கள். பிந்தித் திறந்தால் கட்டு உடைந்து ஊர் போய்விடும். இவ்வளவுதான் கதை. அதில் ஒரு சின்னத் துண்டைச் செய்து சும்மா இணையத்தில் போட்டோம். போலந்து நாட்டில் இருந்து ஒரு நிறுவனம் எழுதியது, முழுவதையும் செய்து தருகிறீர்களா, காசு நாங்கள் போடுகிறோம் என்று.

புத்தகத்துக்குப் பதிப்பகம் இருப்பது போல இதற்கும் வெளியீட்டாளர்கள் இருக்கிறார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தவுடன் ஒரு பங்கு காசு தருவார்கள். பிறகு ஒவ்வொரு கட்டமாக முடித்துக் காட்டக் காட்ட அடுத்த பங்கு வரும். கேம் விற்றால் தாங்கள் போட்டதை முதலில் எடுத்துக்கொள்வார்கள், மிச்சத்தை எங்களோடு பங்கு போடுவார்கள். விற்காவிட்டால் நட்டம் அவர்களுடையது, எங்களிடம் திருப்பிக் கேட்கமாட்டார்கள். இந்தக் கடைசி வசனத்தைச் சிநேகிதி தொலைபேசியில் எனக்குத் திருப்பித் திருப்பி வாசித்துக் காட்டினாள். இரண்டு பேரும் பைத்தியம் மாதிரிச் சிரித்தோம்.

அம்மா சிரிக்கவில்லை.

"பிணைக்கு ஆர் கையெழுத்து வைச்சது?" என்று கேட்டார்.

"ஒருத்தரும் இல்லையம்மா."

"எந்தக் காணியைக் காட்டினனி?"

"ஒண்டும் காட்டேல்லை."

"அப்ப கடைசியில எதைப் பிள்ளை எடுக்கப்போறாங்கள்?" அம்மாவின் குரல் இறங்கிவிட்டது. என் முகத்தைப் பார்த்த விதத்தில், என்னைத்தான் எடுத்துக்கொண்டு போகப்போகிறார்கள் என்று நினைத்தது போல இருந்தது.

அம்மாவைக் குறை சொல்லவும் முடியாது. குழுக்கடன் எடுத்துச் சீரழிந்தவர் அவர். ஐந்து பெண்கள் ஒருத்திக்கு ஒருத்தி பிணை நிற்க வேண்டும், ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நாலு பேரின் கழுத்திலும் கயிறு. கிழமைக்குக் கிழமை மோட்டார் சைக்கிளில் ஒருவன் கோப்போடு வருவான். வந்து முன்விறாந்தையில் எங்கள் கதிரையை இழுத்துப் போட்டு, பொழுது படும் வரைக்கும் இருப்பான். ஏச மாட்டான், கத்த மாட்டான், சும்மா இருப்பான். அம்மா பின்பக்கம் வாழைகளுக்குள் நிற்பார், நான் வாசலில் நின்று "அம்மா இல்லை" என்பேன். அந்தக் கடனைக் கட்டி முடித்த பிறகும் அம்மாவின் காது மாறவில்லை. எந்த மோட்டார் சைக்கிள் சத்தம் வீட்டுக்கு வரும் ஒழுங்கைக்குள் திரும்பினாலும் செய்துகொண்டிருக்கும் வேலை கையில் அப்படியே நின்றுவிடும்.

முதல் பங்கு காசு வந்தது. வங்கியில் இருந்து கூப்பிட்டு என்னத்துக்கு வந்த காசு என்று விசாரித்தார்கள். கேம் செய்வதற்கு முற்பணம் என்றேன். அந்த மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "விளையாடுறதுக்கோ காசு?" என்று கேட்டார். விளையாட இல்லை, விளையாட்டைச் செய்ய என்றேன். சரி, சரி என்று ஏதோ எழுதினார். அவருக்கு விளங்கவில்லை என்று தெரிந்தும் நான் பேசாமல் வந்துவிட்டேன். காசு கையில் வந்த சந்தோசப் புழுகம் வேறு.

பிறகு ஒரு நாள் நான் கனகராயன்குளத்தில் சிநேகிதி வீட்டில் இருக்கும்போது அம்மா தொலைபேசி எடுத்தார். "நீ உடன வா பிள்ளை" என்றார். என்ன ஏது என்று கேட்டதற்கு, "போனில வேண்டாம், வா" என்று வைத்துவிட்டார்.

எங்கள் பக்கத்தில் 'போனில் வேண்டாம்' என்றால் யாரோ விசாரிக்க வந்து போயிருக்கிறார்கள் என்று பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். பஸ்ஸில் ஏறி இருந்ததும் தொலைபேசியைத் திறந்து பார்த்தேன். சிநேகிதி பார்த்துக் கீறுவதற்காக வான்கதவுகளையும் குளக்கட்டையும் நான் விதவிதமாகப் படம் எடுத்து வைத்திருந்தேன். ஒரு படத்தின் மூலையில் ஆமிக்காரரின் காவல் கொட்டிலும் இருந்தது. அட கடவுளே, வெளிநாட்டுக் காசு, குளக்கட்டுப் படம், காவல் கொட்டில், மூன்றையும் சேர்த்து ஒருவன் பார்த்தால் என்ன நினைப்பான்? இருந்த இருப்பில் எல்லாப் படத்தையும் அழித்தேன். மாங்குளம் தாண்டும்போது, அழித்ததுதான் பிழையோ, ஒளிக்க ஒன்றும் இல்லாதவள் ஏன் அழித்தாள் என்று கேட்பார்களோ என்று புதுப் பயம் பிடித்தது. பக்கத்தில் இருந்த பெண் "என்ன, சத்தி வருதோ?" என்று ஒரு பையைத் தந்தார். வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

வீட்டுக் கதவு பட்டப்பகலில் பூட்டிக் கிடந்தது. அம்மா குசினிக்குள் இருந்தார், அடுப்பு எரியவில்லை.

"ரண்டு பேர் வந்தவங்கள். முதல்ல லோன்காரர் எண்டு நினைச்சன். கதைக்கத் தொடங்கினாப் பிறகுதான் விளங்கினது. சிவில் உடுப்பு, புலனாய்வு."

"என்ன கேட்டவை?"

"வெளியில இருந்து உனக்கு ஆர் காசு அனுப்புறது எண்டு."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

அம்மா சேலைத் தலைப்பைக் கையில் சுற்றினார். "மாப்பிள்ளை எண்டு சொன்னனான்."

"என்ன மாப்பிள்ளை?"

"உனக்குப் பேசியிருக்கிற மாப்பிள்ளை. லண்டன்."

நான் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். ஒரு கேள்வி கேட்கப் பத்துப் பதில் வந்தது. சாதகம் பொருந்திவிட்டதாம், ஆவணியில் கலியாணமாம், பெடியன் பெற்றோல் செட்டில் வேலையாம். இவ்வளவையும் அம்மா அவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துக்கொண்டே சொல்லியிருக்கிறார்.

"பெற்றோல் செட்டோ! ஒரு எஞ்சினியர் எண்டாவது சொல்லியிருக்கக் கூடாதோ?" எனக்குப் பயத்திலும் பத்திக்கொண்டு வந்தது.

"எஞ்சினியர் எண்டா நம்பமாட்டாங்கள்" என்றார் அம்மா.

"உண்மையைச் சொல்லியிருக்கலாமே அம்மா!"

"எந்த உண்மையை? கண்ணால காணாத ஒருத்தன், செய்து முடியாத ஒரு சாமானுக்கு, திருப்பிக் கேக்காத காசு அனுப்புறான் எண்டோ? எனக்கே நம்பிக்கையில்லை, அவங்கள் நம்புவாங்களோ?"

வியாழக்கிழமை என்னைத் தங்கள் அலுவலகத்துக்கு வரச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள், வங்கிக் காகிதங்களோடு. அந்தக் காகிதத்தில் போலந்து என்று கொட்டை எழுத்தில் இருந்தது. நான் உள்ளதைச் சொன்னால் அம்மா விசாரணையில் பொய் சொன்னவர் ஆகிறார். பொய் சொன்னவரைக் கூப்பிட்டு ஏன் சொன்னாய் என்று கேட்பார்கள். அம்மாவை அப்படி ஒரு அறையில் தனியக் கதிரையில் இருத்தி ஒருவன் எதிரே சும்மா பார்த்துக்கொண்டிருப்பதை என்னால் நினைக்க முடியவில்லை. கேம் போனால் போகட்டும், அம்மாவைக் கூப்பிடக் கூடாது. அது ஒன்றுதான் மனதில் ஓடியது.

சிநேகிதிக்குச் சொன்னேன். அவளுடைய தாத்தா காலத்தில் மலையகத்தில் இருந்து இங்கே வந்த குடும்பம். எதையும் நேரே பேசிப் பழகியவள். "உள்ளத சொல்லுடி. எல்லாம் எழுத்துல இருக்குதானே. நானும் கூட வாறேன்" என்றாள். வேண்டாம் என்றேன். ஒரு வீட்டுக்குப் பிடித்த பயம் போதும்.

வியாழக்கிழமை மடிக்கணினியையும் தூக்கிக்கொண்டு போனேன். அம்மா நெற்றியில் திருநீறு பூசி, "கனக்கக் கதையாதை. கேட்டதுக்கு மட்டும் சொல்லு" என்றார். வாசல் தாண்டும்போது "லண்டன்" என்று மெல்லச் சொன்னார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளதைத்தான் சொல்வது என்று முடிவு செய்திருந்தேன்.

அதிகாரிக்கு நரை விழுந்திருந்தது. மரியாதையான மனிதர், உச்சரிப்பு மட்டும் சிங்களம் கலந்தது, தமிழ் நன்றாகவே பேசினார். "இருங்க தங்கச்சி" என்று தேத்தண்ணி வரவழைத்தார். அவர் கத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுப் பையைத் திறந்தேன்.

ஒப்பந்தத்தைக் காட்டினேன். கட்டம் கட்டமாகக் காசு வருவதை, விற்றால் அவர்கள் முதலில் எடுப்பதை, விற்காவிட்டால் விட்டுவிடுவதைச் சொன்னேன். அவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார். ஒன்றும் எழுதவில்லை.

"நட்டம் வந்தா அவங்களுக்கு என்ன லாபம்?"

"அவை கனபேருக்குக் குடுப்பினம் சேர். முக்கால்வாசி நட்டம்தான் வரும். ஒண்டு நல்லா ஓடினாக் காணும், எல்லாரிலயும் போட்டதை அதில எடுத்திடுவினம்."

"நீங்க அந்த ஒண்டா?"

"தெரியாது சேர்."

"அவங்களுக்குத் தெரியுமா?"

"அவைக்கும் தெரியாது."

"ஒருத்தருக்கும் தெரியாது. ஆனா காசு வருது" என்றார் அவர். என்னுடைய உண்மையை அவர் வாயால் கேட்டபோது எனக்கே அது களவு வேலை போல இருந்தது.

கேமைப் பார்க்க வேண்டும் என்றார். திறந்து கொடுத்தேன். கதிரையை முன்னுக்கு இழுத்துக்கொண்டு விளையாடினார். மழை தொடங்கியது. ஒரு கதவைத் திறந்தார், யோசித்தார், மூடினார். கட்டு உடைந்து ஊருக்குள் வெள்ளம் போனது. மறுபடி தொடங்கினார். அவர் பின்னால் எங்கோ ஒரு மின்விசிறி கிரீச்சிட்டுக்கொண்டிருந்தது. நான் சுவரில் இருந்த கலண்டரின் எழுத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஒன்றும் தலைக்குள் போகவில்லை.

"இது இரணைமடுவா?" என்று தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

"இல்லை சேர். கற்பனைக் குளம்." பட்டென்று வந்துவிட்டது. ஒவ்வொரு கதவையும் போய் நின்று பார்த்துச் செய்த குளம் அது. உள்ளதைச் சொல்ல வந்தவள் முதல் பொய்யைச் சொல்லிவிட்டேன்.

அவர் கணினியை மூடி என் பக்கம் தள்ளினார். "சரி. அம்மா சொன்ன மாப்பிள்ளை?"

"அப்பிடி ஒருத்தரும் இல்லை சேர். அம்மா பயத்தில சொல்லிப்போட்டா."

"ஏன் பயம்?" உண்மையிலேயே மனம் நொந்தவர் போலக் கேட்டார். "எங்க ஆக்கள் அடிச்சாங்களா? சத்தம் போட்டாங்களா? உங்க வீட்டுல தேத்தண்ணி குடிச்சிட்டுத்தானே வந்தாங்க."

ஆறிப்போன தேத்தண்ணியைப் பார்த்தேன். அந்தக் கேள்விக்கு வன்னியில் எந்த வீட்டிலும் பதில் இருக்கிறது. அந்த அறையில் சொல்லக்கூடிய பதில் ஒன்றுகூட இல்லை.

அவர் கொஞ்சம் பார்த்தார். "அப்ப அம்மாவக் கூப்பிட்டுத்தான் கேக்கணும்" என்றார், கோபமே இல்லாமல்.

"இல்லை சேர்! மாப்பிள்ளை இருக்கிறார்."

யார் சொன்னது என்று ஒரு கணம் எனக்கே தெரியவில்லை. பிறகு வாய் தன்பாட்டில் ஓடியது. வெட்கத்தில் முதலில் மறைத்தேன் என்றேன். லண்டனில்தான் இருக்கிறார், பெற்றோல் செட்டில் வேலை, அவருடைய கூட்டாளி ஒருவரின் நிறுவனம் போலந்தில் இருக்கிறது, வீட்டில் இருந்தபடி எனக்கு ஒரு வேலை கிடைக்கட்டும் என்று அதற்குள்ளால் காசு அனுப்புகிறார். அந்தப் பேனா எழுதத் தொடங்கியது. நிற்காமல் எழுதியது. ஒப்பந்தம் முழுவதையும் விரித்துக் காட்டியபோது அசையாத பேனா.

எழுதி முடித்துவிட்டு அவர் சிரித்தார். "இத முதல்லயே சொல்லியிருக்கலாம்தானே தங்கச்சி. எதுக்கு கேம், போலந்து எண்டு பெரிய கதை?"

வெளியே வந்து வீதியோரம் ஒரு மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மாவை இனிக் கூப்பிடமாட்டார்கள். அந்த ஆறுதலோடு சேர்த்து, இனி இந்த இல்லாத மாப்பிள்ளையைக் கட்டி மேய்க்க வேண்டுமே என்ற பயமும் வந்தது.

கட்டித்தான் மேய்த்தோம். அதிகாரி இடைக்கிடை தொலைபேசி எடுத்தார். ஆவணி போனது, கலியாணம் ஏன் நடக்கவில்லை என்று கேட்டார். விசாப் பிரச்சினை என்றேன். தை வந்தது. மாப்பிள்ளைக்கு லீவு இல்லை என்றேன். ஒவ்வொரு முறையும் நானும் அம்மாவும் குசினிக்குள் இருந்து, போன முறை என்ன சொன்னோம், இந்த முறை எதைச் சொல்வது என்று ஒத்திகை பார்ப்போம். அம்மாவுக்கு அவனில் பாசமே வந்துவிட்டது. "பாவம் பெடியன், அந்தக் குளிருக்க நிண்டு வேலை செய்யுது" என்றார் ஒரு நாள். நான் முறைத்த முறைப்பில் திரும்பவும் தேங்காய் திருவத் தொடங்கினார். கதை ஒழுங்கைக்குள்ளும் போய்ச் சேர்ந்தது. பக்கத்து வீட்டு அன்ரி மூலம் வந்த உண்மையான சம்பந்தம் ஒன்று, பிள்ளைக்கு ஏற்கெனவே கலியாணம் முற்றாகிவிட்டதாமே என்று வாசல் படலையோடு திரும்பிப் போனது.

இதற்குள் நாங்கள் வேலையும் செய்தோம். அடுத்த கட்டம் முடிந்தது, காசு வந்தது. வங்கியில் கேட்டபோது நான் அழகாக வெட்கப்பட்டேன், அவர்களும் விட்டுவிட்டார்கள். ஆனால் ஒழுங்கையில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் இப்போது என் கையும் நின்றது. தட்டெழுதிக்கொண்டிருப்பேன், விரல் அந்தரத்தில் நிற்கும், சத்தம் எங்கள் படலையைத் தாண்டிப் போனால்தான் அடுத்த எழுத்து. அந்த நாட்களில் நான் செய்த பகுதிகளைப் பார்த்துவிட்டு, போலந்து நிறுவனத்தில் எங்கள் வேலையைக் கவனிக்கும் பெண் எழுதினாள், காவலாளியின் பயம் மிக இயல்பாக வந்திருக்கிறது, அதுதான் இந்தக் கேமின் பலம் என்று. சிநேகிதி விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பாதி வழியைத் தாண்டியபோது அந்தப் பெண்ணே எங்கள் இருவரையும் காணொளி அழைப்புக்குக் கூப்பிட்டாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே நல்ல செய்தி இல்லை என்று தெரிந்தது. அவர்களுடைய பெரிய கேம் ஒன்று படுத்துவிட்டதாம். அதில் விட்டதைப் பிடிக்கச் சின்னச் சின்ன வேலைகளை எல்லாம் நிறுத்துகிறார்களாம், எங்களுடையதும் அதில் ஒன்று. கேம் இனி உங்களுக்கே சொந்தம், வேறு யாரிடமும் கொண்டுபோகலாம் என்றாள். தந்த காசை நாங்கள் திருப்பித் தரத் தேவையில்லை என்று இரண்டு முறை சொன்னாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது. சிநேகிதி தன் கமராவை அணைத்துவிட்டாள்.

குசினிக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "திருப்பிக் கேக்கினமோ?" என்றார்.

"இல்லையம்மா. கேக்க மாட்டினம்."

அம்மா தலையை ஆட்டினார். கையைத் துடைத்துக்கொண்டு போய் முன்கதவைப் பூட்டினார். அதன் பிறகு கனநாள் அந்தக் கதவு பகலிலும் பூட்டித்தான் கிடந்தது. நான் திறக்கச் சொல்லவில்லை.

மாதம் ஒன்று போயிருக்கும். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தொலைபேசி அடித்தது. அதிகாரி.

"எப்படி தங்கச்சி? கொஞ்ச நாளா காசு வரலையே. மாப்பிள்ளை சுகமா?"

அடுத்த பொய் ஆயத்தமாகத்தான் இருந்தது. மாப்பிள்ளை வேலை மாறுகிறார் என்று சொல்வதாக அம்மாவும் நானும் பேசி வைத்திருந்தோம். வாயைத் திறந்தால் அழுகை வந்தது. கேம் நின்ற நாளில் வராத அழுகை. சோற்றுக் கையோடு விம்மி விம்மி அழுதேன்.

"எல்லாம் குழம்பிப்போச்சு சேர். வேண்டாமெண்டிட்டினம்."

"ஐயோ" என்றார். "நீங்க ஏதும் பிழை செய்தீங்களா?"

"இல்லை சேர். நாங்கள் எல்லாம் சொன்னபடிதான் செய்தனாங்கள்."

"அனுப்பின காசு திருப்பிக் கேக்கிறாங்களா?"

"இல்லை."

"அப்ப மோசமான ஆக்கள் இல்ல" என்றார். "அழ வேணாம் தங்கச்சி. உங்களுக்கு வயசு இருக்கு. இதைவிட நல்ல இடம் வரும்." கேம் போனதற்கு எனக்கு ஆறுதல் சொன்ன ஒரே ஆள் அவர்தான். மனமார்ந்த ஆறுதல், அது குரலிலேயே தெரிந்தது. நன்றி சேர் என்றேன். வைக்கப் போனவர் திரும்பவும் கூப்பிட்டார். "வேற இடம் சரிவந்தா, காசு வர முன்னம் எனக்குச் சொல்லுங்க. என்ன? நீங்க சொல்லாட்டி நான் அம்மாக்கிட்டத்தான் கேக்க வேண்டி வரும்."

தொலைபேசி நின்றது. அழுகையும் நின்றுவிட்டது. சிநேகிதி முதல் நாள்தான் செய்தி அனுப்பியிருந்தாள், இன்னொரு வெளியீட்டாளர் கேமைப் பார்க்கக் கேட்கிறார், என்ன பதில் போட என்று. நான் இன்னும் பதில் போடவில்லை.

அம்மா குசினி வாசலில் நின்றார், அகப்பை கையில்.

"அவரோ?"

"ஓம்."

"என்னவாம்?"

"வேற இடம் பாக்கட்டாம். சரிவந்தா முதல் தனக்குச் சொல்லட்டாம்."

அம்மா பூட்டிய முன்கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அப்ப இந்த முறை லண்டன் வேண்டாம் பிள்ளை. கனடா எண்டு சொல்லுவம்."